ஆடும் அச்சு

முத்தையாபுரத்தைச் சுற்றி உப்பளங்கள். துடைக்காமல் போட்ட பித்தளையில் சீக்கிரமே பச்சைக் களிம்பு ஏறிவிடும். மாதா திருவிழா, கோயில் கொடை, கல்யாணம், இழவு என்று ஓடும் பேண்டு செட் வாத்தியங்களுக்கும் அதே கதிதான். பிஸ்டன் வாத்தியம் என்றால் பழுது பார்க்க ஆள் கிடைக்கும். சுழல் வால்வு வைத்த மலிவான ஹார்ன் 'கடக் கடக்' என்று ஆடினால், "எடைக்குப் போட்டுருங்க அண்ணாச்சி" என்பதே நான் அதிகம் கேட்ட பதில். அந்தப் பதிலுக்குப் பின்னால் இருநூறு வருட வரலாறு உண்டு.

1818இல் ஸ்டோல்செல், புளூமெல் இருவரும் பிரஷ்யாவில் வால்வுக்குக் காப்புரிமை பெற்றார்கள். வால்வு அமுங்கினால் காற்று கூடுதல் குழாய் வழியாகச் சுற்றிவரும், சுரம் இறங்கும். 1835இல் வியன்னாவின் ஜோசப் ரீடில் சுழல் வால்வுக்கு உரிமை வாங்கினார். சில ஆண்டுகளில் பாரிஸில் பெரினே பிஸ்டனை இன்றைய வடிவுக்குக் கொண்டுவந்தார். ஜெர்மானிய நாடுகள் பெரும்பாலும் சுழலைப் பிடித்துக்கொண்டன. பிரான்ஸும் இங்கிலாந்தும் பிஸ்டனை. நம் ஊருக்கு பேண்டு வந்தது பிரிட்டிஷ் ராணுவம் வழியாக. ஆகவே நம் பட்டறைக் கைகள் பழகியதும் பிஸ்டனுக்குத்தான்.

சுழல் வால்வின் உருளை கால் வட்டம் மட்டும் திரும்பும். அதன் அச்சின் இரு முனைகளையும் இரண்டு பேரிங்குகள் தாங்குகின்றன. அவை தேய்ந்தால் அச்சு பக்கவாட்டில் ஆடும், உருளை கூட்டின் சுவரில் மோதும், காற்று கசியும். சத்தம் நூல்கட்டிலிருந்தோ தக்கையிலிருந்தோகூட வரலாம். எனவே முதலில் அச்சின் முனையை விரலால் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். அங்கே ஆட்டம் தெரிந்தால் நோய் பேரிங்கில்தான்.

கைவைத்தியம், பேரிங்குக்கு மட்டும் கெட்டியான எண்ணெய், உருளைக்கு மெல்லியதுதான். நிரந்தர வைத்தியம், பேரிங்கின் கழுத்தை வெளியிலிருந்து சுற்றிலும் சமமாக அழுத்தி உள்விட்டத்தைக் குறுக்குவது. பிறகு நுண்ணிய அரைப்பசையால் அச்சு தடையின்றித் திரும்பும்வரை தேய்த்து, பசை துளியும் மிஞ்சாமல் கழுவ வேண்டும். பசை உருளையின் பக்கத்துக்குப் போனால் அங்கே விழும் இடைவெளியை அடைப்பது பெரும்பாடு. உருளையும் கூடும் ஒன்றுக்கொன்று பொருத்தித் தேய்க்கப்பட்ட ஜோடி. இன்னொன்றிலிருந்து கழற்றி மாட்டுவது சரிவராது.

இதில் புது உலோகம் எதுவும் சேர்வதில்லை, இருக்கும் பித்தளையே இடம் நகர்கிறது. லேத் பட்டறையில் மோட்டார் புஷ்ஷை நூல் அளவுக்குக் கடைகிற கைக்கு இது எட்டாத வேலையல்ல. எடைக்குப் போட்டால் பித்தளைக் காசு வரும். வாசிக்கிறவனுக்கு அந்தக் கொடைக்காலத்துக் கூலி போய்விடும்.