ஆயிரவருட அரசாட்சி

கிறிஸ்து ஆயிரம் வருஷம் அரசாளுவார் என்னும் இது, கிறிஸ்தவ இறுதிக்காலப் போதனையில் நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு நிலவும் கோட்பாடு. வெளிப்படுத்தின விசேஷம் 20ஆம் அதிகாரத்தில், 2 முதல் 7 வரை, வசனத்துக்கு ஒருமுறை 'ஆயிரம் வருஷம்' வருகிறது. விவாதம் பெரிதும் அந்த ஆறு வசனங்களைச் சுற்றியே. 2ஆம் நூற்றாண்டின் கிறிஸ்தவ எழுத்தாளர் யுஸ்தீன் அந்த ஆயிரம் வருஷத்தை எருசலேமில் நிகழப்போகும் ஆட்சியாக எதிர்பார்த்தார். பக்தியுள்ள பலர் தம்மோடு உடன்படவில்லை என்பதையும் அவர் மறைக்காமல் எழுதியது அரிய நேர்மை. அகுஸ்தீனோ 'கடவுளின் நகரம்' நூலில் அதைத் திருச்சபையின் காலமாகவே வாசித்தார். கத்தோலிக்கர் பெரிதும் அவ்வழியினர். நற்செய்தி பரவி அந்த ஆயிரவருடப் பொற்காலம் கனிந்த பின்னரே கிறிஸ்து வருவார் என்றார் ஜோனத்தான் எட்வர்ட்ஸ். ஆயிரவருட ஆட்சிக்கு முன் வரும் உபத்திரவ காலத்துக்கும் முன்பே சபை வானத்துக்கு எடுத்துக்கொள்ளப்படும் என்பது 19ஆம் நூற்றாண்டில் ஜான் நெல்சன் டார்பி பரப்பிய போதனை. 1909இல் வெளியான ஸ்கோஃபீல்டு வேதாகமம், வசனத்துக்குக் கீழேயே குறிப்புகளாக அச்சிட்டு, அதை வீடுகளுக்குள் கொண்டு சேர்த்தது.