மாலே: கிணறு வற்றிய தலைநகரம்

மக்கள்தொகை பெருகினால் சுற்றுச்சூழல் கெடும் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்துவிடுகிறோம். அது எப்படிக் கெடுகிறது, தலை எண்ணிக்கை மட்டும்தான் காரணமா என்று பார்க்க மாலத்தீவின் தலைநகரான மாலே நல்ல உதாரணம். தூத்துக்குடியிலிருந்து தோணிகளில் காய்கறியும் கட்டுமானப் பொருள்களும் போய் இறங்கும் ஊர் என்பதால் நம் கடற்கரை ஊர்களுக்குப் பழகிய பெயரும்கூட.

மாலே ஒரு பவளத் தீவு. பரப்பு சுமார் 2 சதுர கிலோமீட்டர். அதிலும் கணிசமான பகுதி கடலைத் தூர்த்து எடுத்த நிலம். ஆறோ ஏரியோ கிடையாது. பெய்யும் மழை மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் மெல்லிய அடுக்காக மிதந்து நிற்கும். நன்னீர் உப்புநீரைவிட எடை குறைந்தது என்பதே காரணம். சில அடி தோண்டினால் கிடைக்கும் இந்த நீரைத்தான் அத்தீவு மக்கள் தலைமுறை தலைமுறையாகக் குடித்துவந்தார்கள்.

1970களின் இறுதியில் மாலேயின் மக்கள்தொகை சுமார் 30 ஆயிரம். கிணறும் கழிவறைக் குழியும் அடுத்தடுத்து இருந்தன. 1978இல் காலரா பரவியது. பிறகு கழிவுநீர்க் குழாய்கள் பதித்துக் கடலில் விட்டார்கள். நோய்க்கு அது தேவையான மருந்துதான். ஆனால் கிணற்றிலிருந்து எடுத்த நீர் மறுபடி மண்ணுக்குத் திரும்பும் வழி அடைபட்டது. மழை ஊறவேண்டிய தரையிலும் கட்டடங்கள் எழுந்தன. நன்னீர் அடுக்கு மெலிந்து கிணறுகள் உவர்த்தன. 1980களின் பிற்பகுதியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் வந்தது.

இன்று மாலேயில் வீட்டில் ஒளூ செய்யத் திறக்கும் குழாயில் வருவதும் கடலிலிருந்து பிரித்த நீர்தான். அதைப் பிரிக்கும் மின்சாரம் பெரும்பாலும் இறக்குமதி டீசலில் கிடைக்கிறது. 2014 டிசம்பர் 4 அன்று அந்த நிலையத்தில் தீப்பிடித்தபோது ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் குடிநீரின்றித் தவித்தனர். இந்தியா விமானங்களிலும் கடற்படைக் கப்பல்களிலும் தண்ணீர் அனுப்பியது. நாலாபுறமும் கடல் சூழ்ந்த ஊருக்கு விமானத்தில் தண்ணீர் போனது!

பவளப் பாறைக்கும் இதே கதிதான். 1658இல் கட்டப்பட்ட மாலேயின் பழைய ஜும்ஆ பள்ளி பவளக் கல்லால் ஆனது, நுணுக்கமாகச் செதுக்கப்பட்டது. மக்கள் குறைவாக இருந்த காலத்தில் பாறை அதைத் தாங்கிக்கொண்டது. வீடுகள் பெருகி, எல்லாச் சுவருக்கும் பவளம் வெட்டத் தொடங்கியபோது அலையைத் தடுக்கும் இயற்கை அரண் தேய்ந்தது. 1987 ஏப்ரலில் பேரலைகள் மாலேக்குள் புகுந்தன. அதன்பிறகு ஜப்பான் உதவியோடு நான்கு கால் கான்கிரீட் கட்டைகளை அடுக்கிக் கரையைக் காக்க வேண்டியதாயிற்று. குப்பைக்கும் இடமில்லை. 1992 முதல் அருகிலுள்ள திலாஃபுஷி என்ற கடல்கழியில் கொட்டிக் கொட்டி அங்கே ஒரு தீவே உருவாகிவிட்டது.

சரி, அதிகக் குழந்தைகள் பெற்றதால் வந்த வினையா இது? ஓரளவுக்கு மட்டுமே. 1980களில் மாலத்தீவில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஆறு குழந்தைகளுக்கு மேல். இப்போது அது இரண்டுக்கும் கீழ். குழந்தைப்பேறு குறைந்த அதே காலத்தில்தான் நெருக்கடி கூடியது. மேற்படிப்பு, பெரிய மருத்துவமனை, வேலை எல்லாம் மாலேயில் குவிந்ததால் மற்றத் தீவுக் குடும்பங்கள் அங்கே குடிபெயர்ந்தன. கட்டட வேலைக்கு வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள். 2022 கணக்கெடுப்பில் நாட்டின் மொத்த மக்கள்தொகையே சுமார் 5.15 லட்சம், அதில் ஐந்தில் இரண்டு பங்கு மாலே நகரத்தில். சுற்றுலாப் பயணிகளோ 2024இல் மட்டும் 20 லட்சத்துக்கு மேல். அவர்கள் தங்கும் உல்லாசத் தீவுகள் பலவற்றின் குப்பையும் திலாஃபுஷிக்கே போகிறது. குழந்தைகளின் எண்ணிக்கையைக் காட்டி ஒரு சமூகத்தைக் குற்றம் சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

நெரிசலைக் குறைக்க 1997இல் ஹுல்ஹுமாலே என்ற புதிய நிலத்தைக் கடலில் உருவாக்கத் தொடங்கினார்கள். 2004இல் மக்கள் குடியேறினர். 2018இல் மாலேயோடு பாலமும் இணைந்தது. அந்த நிலத்துக்கான மணலும் கடலடியிலிருந்து உறிஞ்சி எடுத்ததுதான். அவ்வாறு எடுக்கும்போது கிளம்பும் சேறு, உயிரோடிருக்கும் பவளத்தின் மேல் படிகிறது. தொலைதூரத் தீவுகளிலேயே நல்ல மருத்துவமனையும் மேற்படிப்பும் கிடைக்காதவரை இந்தப் புதிய நிலமும் நிரம்பிக்கொண்டுதான் இருக்கும்.