இடுப்பு மூட்டு இம்ப்ளான்ட் ரீகால்: உங்க வீட்டுக்கு தகவல் வந்து சேருமா?

ஜனக்புரியோ, சென்னையோ, உங்க அப்பா அம்மாவுக்கு இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் நடந்திருந்தால், உள்ளே இருப்பது எந்த கம்பெனி, எந்த மாடல் என்று சட்டென்று சொல்ல முடியுமா? அந்தப் பதில் ஏன் முக்கியம் என்பதை ஏ.எஸ்.ஆர். விவகாரம் காட்டியது.

என்ன நடந்தது?

ஏ.எஸ்.ஆர். என்பது ஜான்சன் அண்ட் ஜான்சனின் டிபுய் நிறுவனம் தயாரித்த செயற்கை மூட்டு. உலகம் முழுக்க சுமார் 93,000 பேருக்குப் பொருத்தப்பட்ட அதை, 2010 ஆகஸ்டில் நிறுவனம் ரீகால் செய்தது. 5 ஆண்டுகளுக்குள் சுமார் 12-13% பேருக்கு மறு ஆபரேஷன் தேவைப்பட்டதாக பிரிட்டனின் மூட்டுப் பதிவேட்டுத் தரவு காட்டியதே காரணம்.

கோளாறு என்ன?

இந்த மூட்டில் பந்து, கிண்ணம் இரண்டுமே கோபால்ட்-குரோமியம் உலோகம். நடக்கும்போது இரண்டும் உரசி, உலோகத் துகள்கள் உதிரும். சுற்றியுள்ள தசையும் எலும்பும் பாதிக்கப்படலாம். கோபால்ட் ரத்தத்திலும் கலக்கும்.

ரீகால் என்றால் எல்லோருக்கும் மூட்டைக் கழற்றிவிடுவார்களா?

இல்லை. விற்பனை நிற்கும். ஏற்கனவே பொருத்தியவர்களுக்கு ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் செய்து கண்காணிப்பார்கள். தேவைப்பட்டால் மட்டுமே மறு ஆபரேஷன். ஆனா இதெல்லாம் நடக்க, நோயாளி யார், எங்கே இருக்கிறார் என்று தெரிய வேண்டும்.

இந்தியா சறுக்கியது எங்கே?

அங்கேதான். இங்கே சுமார் 4,700 ஆபரேஷன்களில் ஏ.எஸ்.ஆர். பயன்படுத்தப்பட்டது. 2017-ல் மத்திய அரசு அமைத்த டாக்டர் அருண் அகர்வால் குழு விசாரித்தபோது, சுமார் 3,600 பேரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. அதாவது, 4 பேரில் 3 பேர். 2018 நவம்பரில் அரசு அறிவித்த இழப்பீடு ரூ.30 லட்சம் முதல் ரூ.1.23 கோடி வரை. பட்டியலுக்கே வராதவர்களுக்கு அது எப்படிப் போய்ச் சேரும்?

பிறகு என்ன மாறியது?

மருத்துவ சாதனங்களால் வரும் பாதிப்புகளைப் பதிவு செய்யும் தேசியத் திட்டம் 2015-ல் தொடங்கியது. மருத்துவ சாதன விதிகள் 2018 ஜனவரியில் அமலுக்கு வந்தன. 2020 ஏப்ரல் முதல், ஆபரேஷன் கருவிகள் உட்பட எல்லா மருத்துவ சாதனங்களும் மருந்துச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன.

நீங்க என்ன செய்யலாம்?

• இம்ப்ளான்ட் பெட்டியோடு ஸ்டிக்கர் வரும். கம்பெனி, மாடல், லாட் நம்பர் அதில் இருக்கும். ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கி, போட்டோ எடுத்து வையுங்க.

• டிஸ்சார்ஜ் சம்மரியில் அந்த விவரங்களை எழுதச் சொல்லுங்க. பில்லையும் தூக்கிப் போடாதீங்க.

• வீடு, போன் நம்பர் மாறினால் ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்க.

• புதிதாக வலி, வீக்கம், நடையில் மாற்றம் இருந்தால் டாக்டரைப் பாருங்க. இம்ப்ளான்ட் பிரச்சினை என்று தெரிந்தால் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் புகார் செய்யலாம்.