ஹெலேனே மையர்

ஹெலேனே மையர் (டிசம்பர் 20, 1910 - அக்டோபர் 1953) ஜெர்மனியைச் சேர்ந்த வாள்வீச்சு வீராங்கனை ஆவார். ஃபாயில் வகைப் போட்டிகளில் பங்கேற்றார். இவ்வகையில் தலை, கை, கால் நீங்கலாக எதிராளியின் உடற்பகுதியில் வாள்முனை பட்டால் மட்டுமே புள்ளி கிடைக்கும்.

தொடக்க கால வெற்றிகள்

ஆஃபன்பாக் நகரில் பிறந்த இவரது தந்தை யூதர், தாய் கிறித்தவர். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் தமது 17ஆம் வயதில் தங்கப் பதக்கம் வென்றார். 1932 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஐந்தாம் இடம் பெற்றபின், கலிபோர்னியாவிலேயே தங்கிப் பயின்றார்.

பெர்லின் ஒலிம்பிக்

நாசிகள் ஆட்சியைப் பிடித்த 1933இல் ஆஃபன்பாக் வாள்வீச்சுக் கழகம் இவரை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கியது. யூதர்களை ஒதுக்கும் ஜெர்மனியில் நடைபெறும் 1936 ஒலிம்பிக்கைப் புறக்கணிக்க வேண்டும் என அமெரிக்காவில் கோரிக்கை எழுந்தது. அதனைத் தணிக்கும் பொருட்டு ஜெர்மனி இவரைத் தன் அணியில் சேர்த்துக்கொண்டது. ஹங்கேரியின் இலோனா எலெக் தங்கம் வெல்ல, மையர் வெள்ளி பெற்றார். பரிசு மேடையில் இவர் நாசி வணக்கம் செலுத்தினார். அதை விருப்பத்துடன் செய்தாரா, ஜெர்மனியிலிருந்த குடும்பத்தினரின் பாதுகாப்பு கருதிச் செய்தாரா என்பது இன்றும் விவாதிக்கப்படுகிறது.

பிற்காலம்

1937இல் பாரிசில் உலகப் பட்டம் வென்றார். பின்னர் அமெரிக்கா திரும்பி அந்நாட்டுக் குடியுரிமை பெற்றார். 1934 முதல் 1946 வரை அமெரிக்கத் தேசியப் பட்டத்தை எட்டு முறை வென்றார். 1952இல் ஜெர்மனி திரும்பிய இவர், மறு ஆண்டு புற்றுநோயால் காலமானார். 1968இல் மேற்கு ஜெர்மனி இவரது நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது.