ஒளித்தட்டின் பூட்டும் வீட்டுப் படியும்

ஓலைச்சுவடிகளைப் பெயர்த்தெழுதிய காலத்தில் படிக்குப் படி பிழை மிகுந்தது. மெய்யெழுத்துக்குப் புள்ளி இடாமலும் எகர ஏகார வேறுபாடு காட்டாமலும் எழுதும் வழக்கம் இருந்தமையால், மூல ஏட்டில் ஒன்றாக இருந்த சொல் அதன் படியில் வேறாயிற்று. அந்தப் படியைப் பார்த்து எழுதிய மற்றொரு படியில் இன்னும் வேறாயிற்று. பாடபேதம் என்று தமிழாசிரியர்கள் நன்கறிந்த தொல்லை பெரும்பாலும் இங்ஙனம் பிறந்ததே.

பின்னாளில் வீடுகளுக்குள் வந்த வீடியோ நாடாவுக்கும் இதே குறை உண்டு. ஒரு நாடாவிலிருந்து எடுத்த படி சிறிது மங்கும். அப்படியிலிருந்து எடுத்த படி மேலும் மங்கும். நான்காம் தலைமுறையில் முகமும் தெளிவாகத் தோன்றாது. படம் எடுக்கும் நிறுவனங்களுக்கு இக்குறை இயற்கையே இட்டுத் தந்த ஒரு வேலியாக இருந்தது. டி.வி.டி. எனப்படும் ஒளித்தட்டு அவ்வேலியை அகற்றிவிட்டது. அதில் இருப்பவை படமும் ஒலியும் அல்ல; அவற்றைக் குறிக்கும் எண்கள். எண்களைப் பார்த்து எண்களை எழுதினால், ஆயிரமாவது படியும் முதற் படியும் ஒன்றே. எண்ணுக்குப் பாடபேதம் இல்லை. இதனால் எழுந்த அச்சமே ஒளித்தட்டின் வரலாற்றை நெடுகிலும் நடத்திச் சென்றது.

1982ஆம் ஆண்டில் இசைக்கென வெளிவந்த குறுந்தட்டு, படத்தைத் தாங்கும் கொள்ளளவு உடையது அன்று. அதன் வழித்தோன்றலை அமைப்பதில் 1990களின் நடுவில் இரு கூட்டங்கள் போட்டியிட்டன. சோனியும் பிலிப்ஸும் ஒருபுறம். தோஷிபாவும் டைம் வார்னரும் மட்சுஷிட்டாவும் பிறரும் மறுபுறம். வீடியோ நாடாவில் இருவேறு அமைப்புகள் மோதிப் பொருளிழந்த கதையை மறவாத கணினி நிறுவனங்கள், குறிப்பாக ஐ.பி.எம்., ஒரே அமைப்பு வேண்டும் என்று வற்புறுத்தின. 1995ஆம் ஆண்டில் உடன்பாடு ஏற்பட்டது. 1996 நவம்பரில் ஜப்பானிலும், 1997 மார்ச்சில் அமெரிக்காவிலும் முதற் கருவிகள் விற்பனைக்கு வந்தன.

தட்டின் அளவு பழைய குறுந்தட்டின் அளவே: குறுக்களவு 120 மில்லிமீட்டர், தடிப்பு 1.2 மில்லிமீட்டர். ஆனால் 0.6 மில்லிமீட்டர் தடிப்புள்ள இரண்டு தகடுகளை ஒட்டி அதனைச் செய்தார்கள். குறுந்தட்டைப் படிக்கும் ஒளிக்கதிரின் அலைநீளம் 780 நானோமீட்டர்; இதற்கு 650. தடங்களுக்கு இடையிலுள்ள தொலைவு 1.6 மைக்ரோமீட்டரிலிருந்து 0.74 ஆகக் குறைந்தது. இவ்வாறு நெருக்கி எழுதியதால் ஓர் அடுக்கில் 470 கோடி பைட்டுகள் அடங்கின. இரண்டு அடுக்கு அமைத்தால் 850 கோடி. இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்தல் நன்று; வீட்டில் படி எடுத்தோர் பட்ட பாடு முழுவதும் இவற்றுக்கு இடையிலுள்ள வேறுபாட்டினின்றே எழுந்தது.

பூட்டு இல்லாத தட்டில் தங்கள் படங்களைத் தர அமெரிக்கப் பட நிறுவனங்கள் இசையவில்லை. அவற்றுக்கு ஒரு பழைய தோல்வி நினைவிருந்தது. வீட்டிலேயே தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யும் கருவியை விற்ற சோனி நிறுவனத்தின்மீது 1976ஆம் ஆண்டில் யுனிவர்சலும் டிஸ்னியும் வழக்குத் தொடுத்தன. 1984 ஜனவரி 17ஆம் நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஐவர் ஒரு பக்கமும் நால்வர் மறு பக்கமுமாகப் பிரிந்து, சோனிக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. ஒரு நிகழ்ச்சியைப் பின்னர்ப் பார்ப்பதற்காக வீட்டில் பதிந்துகொள்வது நியாயமான பயன்பாடே என்பது அத்தீர்ப்பு. அதே நாடாவை விற்றும் வாடகைக்கு விட்டும் அந்நிறுவனங்கள் பின்னர்ப் பெரும்பொருள் ஈட்டின என்பது வேறு கதை. எனினும், இம்முறை நீதிமன்றத்தை நம்பியிராமல் தட்டுக்குள்ளேயே காவலை வைத்துவிட அவை முடிவு செய்தன.

மட்சுஷிட்டாவும் தோஷிபாவும் சேர்ந்து அமைத்த அப்பூட்டுக்குச் சி.எஸ்.எஸ். என்று பெயர். அது வேலை செய்யும் முறையைப் பெட்டிக்குள் பெட்டி என்று கொள்ளலாம். படத்தின் எண்கள் ஒரு சாவியால் கலைத்து எழுதப்பட்டிருக்கும். அச்சாவியை மற்றொரு சாவி பூட்டியிருக்கும். அது தட்டு முழுமைக்கும் உரிய சாவி. இந்தத் தட்டுச் சாவியைக் கருவி செய்வோருக்குத் தனித்தனியே வழங்கிய சாவிகளால் பூட்டி, 400க்கும் மேற்பட்ட வடிவங்களில் தட்டின் உள்விளிம்பில் எழுதி வைத்தார்கள். உரிமம் பெற்ற கருவி தன் சாவிக்கு ஏற்ற ஒன்றைத் திறந்து, படிப்படியாகப் படத்தை அடையும். கடையில் விற்ற வெற்றுத் தட்டுகளிலோ, சாவி இருக்க வேண்டிய அந்த உள்விளிம்புப் பகுதியில் எதுவும் எழுத இயலாதவாறு முன்னரே செய்துவிட்டார்கள். ஆகவே, ஒருவர் உள்ளதை உள்ளவாறே பெயர்த்தெழுதினாலும், கலைந்த படம் வருமேயன்றிச் சாவி வாராது.

இதனுடன் உலகை வட்டாரங்களாகப் பிரித்து எண்ணிடும் வழக்கமும் சேர்ந்தது. மலேசியாவும் சிங்கப்பூரும் 3ஆம் வட்டாரம். இந்தியாவும் இலங்கையும் 5ஆம் வட்டாரம். 5ஆம் வட்டாரத்துக்கென்றே குறியிட்ட தட்டைச் சென்னையில் விலை கொடுத்து வாங்கி வந்தவர், ஈப்போவில் 3ஆம் வட்டாரக் கருவியில் இட்டால் அது ஓடாது. வட்டாரக் குறி இடாத தட்டுகளும் பல விற்பனையாயின என்பதால் இத்தொல்லையை எல்லாரும் உணரவில்லை. உணர்ந்தவருக்கு, தாம் வாங்கியது படத்தையா, படம் பார்க்கும் அனுமதியையா என்ற ஐயம் எழுந்திருத்தல் வேண்டும்.

பூட்டின் வலிமை பெரிதன்று. சாவியின் நீளம் 40 பிட்டு மட்டுமே. அதற்கு மேற்பட்ட வலிமையுள்ள மறைமுறைகளை அக்காலத்து அமெரிக்க ஏற்றுமதி விதிகள் கட்டுப்படுத்தியிருந்தன. அமைப்பைப் பொதுவில் ஆராய விடாமல் மறைத்து வைத்ததும் ஒரு குறை. பலர் கண்ணில் படாத பூட்டின் பழுதும் பலர் கண்ணில் படாது.

1999 அக்டோபரில் அது திறக்கப்பட்டது. லினக்ஸ் முறையில் இயங்கும் கணினிகளுக்கு உரிமம் பெற்ற டி.வி.டி. இயக்கி அப்போது கிடையாது. தட்டு சொந்தம், கணினி சொந்தம், இருந்தும் பார்க்க வழியில்லை. அந்நிலையில், உரிமம் பெற்ற ஒரு நிறுவனம் தன் மென்பொருளில் சாவியை மறைக்காமல் விட்டிருந்ததைச் சிலர் கண்டுகொண்டனர். அவர்களுள் நார்வே நாட்டு யோன் லெக் யோஹான்சன் என்பவரும் ஒருவர். அப்போது அவருக்கு அகவை 15. பூட்டைத் திறக்கும் டி.சி.எஸ்.எஸ். என்னும் சிறு நிரல் உலகெங்கும் பரவியது. சில வாரங்களுக்குள் ஃபிராங்க் ஸ்டீவன்சன் என்பார், சாவியே கையில் இல்லாவிடினும் கணக்கு வழியில் அப்பூட்டை விரைவில் திறக்கலாம் என்று காட்டிவிட்டார்.

2000 ஜனவரியில் யோஹான்சன் வீட்டைக் காவல்துறை சோதனையிட்டது. 2003 ஜனவரியில் ஆஸ்லோ நீதிமன்றம் அவரை விடுவித்தது. முறையாக விலைக்கு வாங்கிய தட்டின் உள்ளடக்கத்தை அடைய வாங்கியவருக்கு உரிமை உண்டு என்றும், தட்டு எளிதில் பழுதுபடக் கூடியதாகையால் பேண விரும்பும் படத்துக்குப் படி எடுத்துக்கொள்ள அவருக்கு இயல வேண்டும் என்றும் அந்நீதிமன்றம் கருதியது. மேல்முறையீட்டிலும் அதே ஆண்டு டிசம்பரில் அவர் விடுதலை பெற்றார்.

அமெரிக்காவில் நடந்தது இதற்கு நேர்மாறு. அங்கே 1998ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று பூட்டை மீறுவதையும், மீறும் கருவியைப் பரப்புவதையும் தனிக் குற்றங்களாக்கியிருந்தது. எதற்காகப் படி எடுத்தார் என்ற கேள்வியே பின்னுக்குப் போயிற்று. அந்நிரலை வெளியிட்ட 2600 என்னும் இதழ்மீது தொடுத்த வழக்கில் நீதிபதி லூயிஸ் கேப்லன் 2000 ஆகஸ்டில் பட நிறுவனங்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். 2001 நவம்பரில் மேல்நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. நிரலும் பேச்சே என்று வாதித்தவர்கள் அதனைச் சட்டைகளில் அச்சிட்டு அணிந்தார்கள். ஒருவர் அந்நிரலையே உள்ளடக்கிய ஒரு பகா எண்ணைக் கண்டுபிடித்தார். எண்ணைத் தடைசெய்ய முடியுமா என்பது அவர் எழுப்பிய வினா.

இவ்வழக்குகள் நடந்துகொண்டிருந்தபோதே வீடுகளில் வேறொரு மாற்றம் நிகழ்ந்தது. 2001ஆம் ஆண்டு முதல் ஒளித்தட்டில் எழுதும் கருவி சாதாரணக் கணினிக்கும் வாங்கக் கூடிய விலைக்கு இறங்கத் தொடங்கியது. கழித்தல் குறியுடையது, கூட்டல் குறியுடையது என இருவகை வெற்றுத் தட்டுகள் போட்டியிட்டன. ஒற்றுமைக்காகப் பிறந்த தட்டு இங்கே மீண்டும் இரண்டுபட்டது! ஆனால் இரண்டும் ஓரடுக்கே. 470 கோடி பைட்டே கொள்ளும். கடையில் வாங்கிய படமோ பெரும்பாலும் ஈரடுக்குத் தட்டில் இருந்தது.

ஆகவே, நல்ல படி என்றால் என்ன என்ற வினா எழுந்தது. சிலர் ஒரு படத்தை இரு தட்டுகளாகப் பிரித்தனர். இதில் தரம் குறையாது. பாதிப் படத்தில் எழுந்து தட்டை மாற்ற வேண்டும். சிலர் வேற்றுமொழி ஒலித்தடங்களையும் துணைக்காட்சிகளையும் நீக்கி, படத்தை மட்டும் வைத்துக்கொண்டனர். பெரும்பாலோர் நாடியது டி.வி.டி. ஷ்ரிங்க் என்னும் இலவச மென்பொருள். அது படத்தை முழுதும் அவிழ்த்துப் புதிதாகக் கட்டாமல், எம்பெக்-2 முறையில் ஏற்கனவே சுருங்கியிருந்த எண்களை மேலும் தோராயமாக்கிச் சுருக்கும். சிறிதளவு சுருக்கினால் கண்ணுக்கு வேறுபாடு தெரிவது அரிது. பாதியளவுக்குச் சுருக்கினாலோ புகையும் நீரும் இருளும் வரும் காட்சிகளில் சதுரம் சதுரமாகக் கட்டங்கள் தோன்றும். பாடபேதம் இல்லாத எண்ணுலகில் மனிதர் தாமே வலிந்து பாடபேதத்தைக் கொணர்ந்தனர் என்றே இதனைச் சொல்ல வேண்டும். 2004ஆம் ஆண்டில் ஈரடுக்கு வெற்றுத் தட்டு வெளிவந்து இக்குறையைப் போக்கியது. ஆனால் அதன் விலை தொடக்கத்தில் மிக அதிகம்.

சுருக்காமல் எழுதிய படியும் நெடுநாள் நிற்க வேண்டுமே. ஆலையில் அச்சிடும் தட்டில் எண்கள் பள்ளங்களாக நெகிழியில் பதிந்திருக்கும். வீட்டில் எழுதும் தட்டில் அவை ஒரு சாயப் பூச்சில் ஒளிக்கதிரின் சூட்டால் ஏற்பட்ட வடுக்கள். சாயம் வெளிச்சத்துக்கும் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் இளகும். மலாயாவின் காற்றில் இவை மூன்றுக்கும் பஞ்சமில்லை. எனவே, பெயர் பெற்ற ஆலையின் தட்டை வாங்குவதும், மேலே காகித ஒட்டி ஒட்டாமலிருப்பதும், பெட்டியில் நிமிர்த்தி நிழலில் வைப்பதும் அனுபவசாலிகள் கைக்கொண்ட முறைகள். எழுதும் வேகம் மிகுந்தால் பிழை மிகும் என்பது பொதுவாக மெய். ஆனால் மிக மெதுவாக எழுதினால்தான் நன்று என்பது எப்போதும் பொருந்தாது. விரைவுக்கென அமைந்த சாயத்துக்கு நடுத்தர வேகமே ஏற்றது.

பிழை நேர்ந்தாலும் தட்டு தாங்குவதற்கு ஒரு கணிதம் துணை நிற்கிறது. 1960ஆம் ஆண்டில் இர்விங் ரீட், கஸ்டவ் சாலமன் என்ற இருவர் வெளியிட்ட முறை அது. ஆசிரியர்கள் மதிப்பெண் பட்டியலில் குறுக்கே ஒரு கூட்டுத்தொகையும் நெடுக்கே ஒரு கூட்டுத்தொகையும் போட்டு, ஓரிடத்து எண் அழிந்தாலும் அதனை மீட்பதுண்டு. தட்டிலும் அவ்வாறே 172 பைட்டு கொண்ட வரிகள் 192 அடுக்கி, ஒவ்வொரு வரிக்கும் 10 பைட்டும் ஒவ்வொரு நிரலுக்கும் 16 பைட்டும் சரிபார்ப்புக்கெனக் கூடுதலாக எழுதுவர். இத்தகைய 8 கட்டங்களில் 1,664 வரிகள் அடங்கும். அவற்றுள் பிழையுள்ள வரிகள் 280க்கு மேற்படலாகாது என்பது தர விதி. படி எடுத்தவர், எழுதியதை மூலத்துடன் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பதோடு நில்லாமல், ஆண்டுகள் கழித்தும் இப்பிழைகளை எண்ணிப் பார்த்தால், தட்டு நலிவதை அது சாகும் முன்பே அறியலாம். எண்ணிப் பார்த்தவர் சிலரே.

படி எடுக்கும் மென்பொருளை வெளிப்படையாக விற்ற நிறுவனங்கள் நிலைக்கவில்லை. 321 ஸ்டூடியோஸ் என்ற அமெரிக்க நிறுவனம், தன் தொழில் முறையானதே என்று அறிவிக்குமாறு 2002ஆம் ஆண்டில் தானே நீதிமன்றம் சென்றது. 2004 பிப்ரவரியில் தோற்றது. ஆகஸ்டில் கடையை மூடியது. 2009 ஆகஸ்டில் ரியல் நெட்வொர்க்ஸ் நிறுவனத்தின் மென்பொருளுக்கும் தடை விழுந்தது. வாங்கியவர் தமக்கென ஒரு படி எடுப்பது நியாயமானதாகவே இருந்தாலும், அதற்கான கருவியை விற்பது குற்றமே என்பது இவ்வழக்குகளில் தெளிவாயிற்று. உண்ணலாம், ஆனால் அடுப்பு விற்கலாகாது என்பது போன்ற நியாயம் இது.

இப்பூட்டு யாரைத் தடுத்தது? ஆலை வைத்துத் திருட்டுத் தட்டு அச்சிட்டவனை அது தடுக்கவில்லை. அவன் பூட்டைத் திறக்க வேண்டிய தேவையே இல்லை; பள்ளத்துக்குப் பள்ளம், சாவியும் பூட்டும் உட்பட, அப்படியே அச்சிட்டால் எந்தக் கருவியிலும் அது ஓடும். மலேசியா இதனை அறிந்தே 2000ஆம் ஆண்டின் ஒளித்தட்டுச் சட்டத்தால் தட்டு அச்சிடும் ஆலைக்கு உரிமம் வேண்டும் என விதித்தது. நோய் இருந்த இடத்தில் மருந்து இட்ட சட்டம் என்று அதனைப் பாராட்டலாம். பூட்டு உண்மையில் தடுத்தது, குழந்தை கீறிவிடும் என்று அஞ்சி ஒரு படி எடுக்க நினைத்த இல்லத்தாரையும், வகுப்பில் காட்ட 5 நிமிடக் காட்சியைப் பெயர்த்தெடுக்க முனைந்த ஆசிரியரையுமே. ஆயினும் பூட்டைக் காக்கும் சட்டம் பரவிற்று. அமெரிக்காவுடன் 2003ஆம் ஆண்டில் செய்த வாணிக உடன்பாட்டையொட்டிச் சிங்கப்பூர் தன் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியது. மலேசியா 2012ஆம் ஆண்டில் திருத்தியது. பிரிட்டன் 2014 அக்டோபரில், சொந்த உபயோகத்துக்குப் படி எடுக்க அனுமதி தந்தது. 2015 ஜூலையில் அவ்வனுமதியை உயர்நீதிமன்றம் நீக்கிவிட்டது.

அமெரிக்காவில் 3 ஆண்டுக்கு ஒருமுறை இச்சட்டத்துக்கு விலக்குக் கேட்டு மனுச் செய்யலாம். 2006ஆம் ஆண்டில் திரைப்படக்கலைப் பேராசிரியர்கள் வகுப்புக்கென ஒளித்தட்டிலிருந்து காட்சிகளை எடுக்க விலக்குப் பெற்றனர். 2010ஆம் ஆண்டில் கல்லூரி ஆசிரியர் பிறர்க்கும், 2012ஆம் ஆண்டில் பள்ளி ஆசிரியர்க்கும் அது விரிந்தது. சொந்தத் தட்டைத் தம் மற்றொரு கருவிக்குப் பெயர்த்துக்கொள்ள அனுமதி வேண்டும் என்று வாங்கியவர்கள் சார்பில் வந்த மனுவை 2012ஆம் ஆண்டிலும் ஏற்கவில்லை; 2015ஆம் ஆண்டிலும் ஏற்கவில்லை.