ஊவாத் தோட்டங்களில் மருத்துவச் செலவும் சேமநிதியும்

பதுளை, பசறை, லுணுகலை, பண்டாரவளை, அப்புத்தளை, கொஸ்லந்தை வட்டாரத் தோட்டங்களில் தொழிலாளிக்கு நோய் வந்தால் செலவை யார் ஏற்பது என்பது நூற்றைம்பது ஆண்டுப் பழைய வழக்கு. சிங்கப்பூர் 1984இல் தொடங்கிய மெடிசேவ், அமெரிக்காவில் 2004 முதல் உள்ள சுகாதாரச் சேமிப்புக் கணக்கு போல, வைத்தியத்துக்கென்றே பணம் சேர்க்கும் கணக்கு இலங்கையில் இல்லை. அந்த வேலையில் ஒரு சிறு பங்கை ஊழியர் சேமலாப நிதியும் (இ.பி.எப்.) ஊழியர் நம்பிக்கை நிதியும் (இ.டி.எப்.) பார்க்கின்றன.

கோப்பிக் காலத்தில் சேமிப்பு என்ற பேச்சுக்கே இடமிருக்கவில்லை. வழிச்செலவு, அரிசி, கல்யாணம், கருமாதி எல்லாம் ஆள் சேர்த்து வந்த கங்காணியிடம் பட்ட கடனாக ஏறின. அந்தக் கடனை எழுதிய ‘துண்டு’ இல்லாமல் தோட்டம் மாறவும் முடியாது. துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது. அதற்கு வெகுமுன்பே, 1872இல் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் வந்தது. தோட்டப் பகுதிகள் மருத்துவ மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டன; செலவு தோட்டக்காரர் மீது விழுந்தது, பின்னர் ஏற்றுமதி வரியிலிருந்தும் திரட்டப்பட்டது. இரக்கத்தால் மட்டும் வந்த சட்டம் அல்ல இது. ஆள் செத்தால் கோப்பித் தோட்ட வேலை நிற்கும் என்ற கணக்கும் அதில் இருந்தது. 1912இன் சட்டம் லயங்கள் எனும் வரிசை வீடுகளின் சுகாதாரத்தையும் நோயாளிகளின் கவனிப்பையும் தோட்டத்துரையின் கடமையாக்கியது. 1916இல் ராக்ஃபெல்லர் அறநிறுவனம் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. மலைக்காட்டில் வெறுங்காலோடு நடந்தவர்களின் இரத்தசோகைக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று அந்தப் புழு.

1939இன் மகப்பேற்று நலன் சட்டம் பிரசவத்துக்குப் பணமும் ஓய்வும் தந்தது. 1951இல் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கட்டணம் நின்றது. ஆனால் தோட்டத்து டிஸ்பென்சரி நாட்டின் பொதுச் சுகாதார அமைப்புக்கு வெளியே, தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே கிடந்தது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையானபோதும், 1992இல் கம்பெனிகளிடம் போனபோதும் இந்தப் பிரிவினை முழுதாக மாறவில்லை. 1990களுக்குப் பிறகு சில தோட்ட ஆஸ்பத்திரிகளையே சுகாதார அமைச்சு ஏற்றது.

சேமலாப நிதி 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் பிறந்தது. தொடக்கத்தில் தொழிலாளி 4 சதவீதம், முதலாளி 6 சதவீதம். இப்போது 8, 12. இது முதுமைக்கான பணம். நோய்க்காக இதைத் தொட வேண்டுமானால், நிரந்தரமாக உழைக்க முடியாத நிலை வந்திருக்க வேண்டும் என்பதுதான் நெடுங்கால விதி. 2012இன் திருத்தச் சட்டம் அதைத் தளர்த்தியது. 2015 முதல், 10 ஆண்டு சேவையும் 3 லட்சம் ரூபாய் இருப்பும் உள்ளவர் வீட்டுக்கோ வைத்தியத்துக்கோ 30 சதவீதம் வரை எடுக்கலாம். உச்சவரம்பு 20 லட்சம். நம்பிக்கை நிதி 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தில் வந்தது. அதற்கு முதலாளி மட்டும் 3 சதவீதம் கட்டுகிறார். இருதய அறுவைச் சிகிச்சை, சிறுநீரக மாற்று, கண்வில்லை பொருத்தல், ஆஸ்பத்திரியில் தங்கிப் பெறும் சிகிச்சை ஆகியவற்றுக்கு அது உதவித்தொகை தருகிறது. கொழுந்து பறிப்பவர்களில் பலருக்கு இப்படியொரு நிதி தம் பெயரில் இருப்பதே தெரியாது.

கணக்குப் போட்டால் நிலைமை புரியும். 2024இல் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில் தொழிலாளியின் பங்கு 108 ரூபாய், முதலாளியின் பங்கு 162. மாதம் 20 நாள் பேர் (ஒரு நாள் வேலைக் கணக்கு) விழுந்தால் 5,400 ரூபாய் சேரும். 3 லட்சம் இருப்புள்ளவருக்குக் கிடைக்கும் 30 சதவீதம் 90,000 ரூபாய். தனியார் ஆஸ்பத்திரியில் பெரிய அறுவைச் சிகிச்சைக்கு இது முன்பணம்தான். அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம் என்பதால், தோட்டத்துக் குடும்பத்தை உண்மையில் வாட்டுவது வேறு செலவுகள்: இரவில் லுணுகலையிலிருந்தோ கொஸ்லந்தையிலிருந்தோ பதுளைக்குப் பிடிக்கும் வேன், வெளியே எழுதித் தரும் மருந்து, கூட இருப்பவருக்கு விழாமல் போகும் பேர். நம்பிக்கை நிதியின் மருத்துவ உதவியில் இவற்றுக்கு இடமில்லை. பெரிய கத்திக்குப் பணம் உண்டு, அன்றாட நீரிழிவுக்கு இல்லை. சட்டத்தின் பெரிய குறை இதுவே.

இன்னொரு சிக்கல் பெயர். தோட்டத்துச் சம்பளப் பதிவேடான செக்ரோலில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் ஒன்று, அடையாள அட்டையில் வேறொன்று என்றிருந்தால் சத்தியக் கடதாசி வாங்கவே நாட்கள் போகும். நோயாளி அதுவரை காத்திருக்க முடியாது. ஆகவே அங்கத்துவ இலக்கத்தையும் பெயரையும் இருப்பையும் உடம்பு நன்றாக இருக்கும்போதே தொழில் அலுவலகத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.