வேலியோரத்துப் புள்ளிச் சிறகு

சங்கப் பாடல்களில் வண்டும் தும்பியும் பெற்ற இடத்தை வண்ணத்துப்பூச்சி பெறவில்லை. நாமும் ஆத்தூர் வட்டாரத் தரிசுகளில் அன்றாடம் காணும் பூச்சியைக்கூடப் பட்டாம்பூச்சி என்னும் பொதுப்பெயரோடு விட்டுவிடுகிறோம். ஆங்கிலத்தில் டானி காஸ்டர் எனப்படும் பூச்சி அவற்றுள் ஒன்று. செங்காவி நிறச் சிறகில் மை தெறித்தாற்போலக் கரும்புள்ளிகள். பின்சிறகின் கருங்கரைக்குள் வரிசையாக வெண்பொட்டுகள். வசிஷ்ட நதிக் கரையிலும் காட்டு வேலிகளிலும் தாழப் பறப்பது. விரட்டினாலும் விரைந்து போகாது.

1758இல் ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் இதற்கு டெர்ப்சிகோரே எனப் பெயரிட்டார். கிரேக்கரின் நடனத் தெய்வத்தின் பெயர் அது. இதன் மந்தமான பறத்தலைக் கண்டவர்க்கு அப்பெயர் சிரிப்பையே வரவழைக்கும். லின்னேயஸ் இந்தியாவுக்கு வந்தவரல்லர். அவருடைய மாணவர் பேப்ரீசியஸ் பின்னர் வயோலே என்று வேறொரு பெயர் வைத்தார். தரங்கம்பாடியிலிருந்து டேனிஷ்காரர் அனுப்பிய பூச்சிகள் பலவற்றுக்குப் பெயரிட்டவர் இவரே. நெடுங்காலம் நூல்களில் வயோலே என்பதே வழங்கிற்று. முன்னதாக இடப்பட்ட பெயருக்கே உரிமை என்னும் விதிப்படி இன்று லின்னேயஸ் இட்ட பெயரே நிற்கிறது.

ஆயினும் வயோலே பொருளற்ற பெயர் அன்று. வயோலா என்பது ஐரோப்பியத் தோட்டங்களின் ஊதாப்பூச் செடி. அதன் குடும்பத்தைச் சேர்ந்ததே சித்த மருத்துவத்தில் பெயர்பெற்ற நம் ஓரிதழ் தாமரை. இப்பூச்சியின் புழு உண்ணும் செடிகளுள் அது ஒன்று. தாய்ப்பூச்சி இலையில் மஞ்சள் முட்டைகளைக் கூட்டமாக இடும். வெளிவரும் செம்பழுப்புப் புழுக்களின் உடலெங்கும் கிளைத்த முட்கள். கம்பளிப்பூச்சி என்று கருதி நாம் இவற்றை நசுக்குவதும் உண்டு. இளம்புழுக்கள் சேர்ந்தே மேயும், வளர்ந்தபின் பிரியும். கூட்டுப்புழு வெளிறிய நிறத்தில் கருங்கோடுகளோடு தலைகீழாகத் தொங்கும். முதிர்ந்த பூச்சியைப் பிடித்தால் துர்நாற்றமுள்ள மஞ்சள் நீரைக் கசியவிட்டுச் செத்தது போலக் கிடக்கும். பறவைகள் இதைத் தவிர்ப்பதற்கு இந்தக் கைப்பே காரணம். அவசரமற்ற பறத்தலுக்கும் அதுவே துணிவு தருகிறது எனலாம். கூடியபின் ஆண் பூச்சி பெண்ணின் உடலில் முத்திரை வைத்தாற்போல ஓர் அடைப்பை இட்டுச் செல்வதும் உண்டு. வேறு ஆண் அணுகாதிருக்கச் செய்த ஏற்பாடு அது.

புழுவின் மற்றோர் உணவு சிறுபூனைக்காலி. காயைச் சுற்றி வலைபோன்ற மயிர்ப் போர்வையுடன் நம் வேலிகளில் படர்ந்திருக்கும் இக்கொடியை நம்முடையது என்றே நினைக்கிறோம். உண்மையில் அது வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது. உள்ளூர்ப் பூச்சி வந்தேறிக் கொடியை ஏற்றுக்கொண்டது.

இந்தியப் பூச்சிகளின் வரிசையில் பிங்காம் 1905இல் வெளியிட்ட வண்ணத்துப்பூச்சி நூலில் இது இந்திய, இலங்கை நிலத்துக்குரியது. அதன்பின் நடந்ததுதான் வியப்பு. 1980களில் தாய்லாந்தில் தென்பட்டது. மலேசியாவைக் கடந்து 2006இல் சிங்கப்பூரை அடைந்தது. இந்தோனேசியத் தீவுகள் வழியே 2012இல் வட ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரப் பகுதியில் காணப்பட்டது. காடு திருத்தப்பட்டுத் திறந்த நிலமும் களைக்கொடிகளும் பெருகியதே இதற்கு வழிவிட்டிருக்க வேண்டும். மந்தமாகப் பறக்கும் பூச்சி, முப்பது ஆண்டுக்குள் ஒரு கண்டத்தையே எட்டிவிட்டது!

இங்கோ, உயிர்வேலி இருந்த இடங்களில் கம்பிவேலி வந்துவிட்டது. வரப்புக்குக் களைக்கொல்லி அடிக்கிறோம்; ஓரிதழ் தாமரையை மருந்துக்கென வேரோடு பிடுங்குகிறோம். வட ஆஸ்திரேலியாவில் அச்செடி இயல்பாகவே வளர்கிறது. அங்கே குடியேறிய பூச்சி முட்டையிட்டதும் அதில்தான்.